கண்டக்டர் மௌன சித்தர் இல்லை

எங்கள் தெருக் குடியிருப்போர் நலச் சங்கத் தலைவர் பொய் சொல்கிறார். என் பக்கத்து வீட்டு வாசலில் அவர் மாட்டியிருக்கும் போர்டு பொய். 'மௌன கண்டக்டர் சித்தர் பீடம்' என்று மஞ்சள் பெயின்ட்டில் கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார். கண்டக்டர் சித்தரும் இல்லை, மௌனமும் இல்லை. கிரிவலப் பாதையைச் சுற்றியுள்ள ஊர்களில் மனிதர்கள், மாடுகள், கல்யாண மண்டபத்து ஸ்பீக்கர்கள் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கெடுத்தாலும் அவர் அளவுக்குச் சத்தம் போட்ட ஜீவன் இன்னொன்று கிடையாது.

நான் சொல்வதை நம்பலாம். அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். வேங்கிக்காலில் அரசாங்க ஆபீஸ்களுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். வாரம் முழுக்க மிஷின் சத்தம். ஞாயிற்றுக்கிழமையாவது நிம்மதியாகப் படுக்கலாம் என்றால், சுவருக்கு அந்தப் பக்கம் அவர் பல் தேய்ப்பது கேட்கும். பல் தேய்ப்பதையே ஊருக்குத் தெரிகிற மாதிரி செய்த மனிதரை மௌன சித்தர் என்று எழுத ஒருவருக்குக் கை வருகிறதென்றால், அந்தக் கை எதையும் எழுதும்.

அவர் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். பெயர் என்னவென்று தெருவில் யாருக்கும் தெரியாது. அவருக்கும் மற்றவர்கள் பெயர் வேண்டியதில்லை. என்னை 'ஜெராக்ஸு' என்பார். ரிட்டையர் ஆன பிறகும் கழுத்தில் விசில் தொங்கும். கல்யாணப் பந்தியில் நின்றால், "உள்ள போ, உள்ள போ, உள்ள எடம் கீது" என்று கூட்டத்தைத் தள்ளுவார். ரேஷன் கடையில், "எறங்கறவங்க எறங்கினப்புறம் ஏறும்மா" என்பார். எங்கள் தெருவில் ஒரு சாவு. பெட்டியை வேனில் ஏற்றியாகிவிட்டது. யார் சொல்லி வண்டியை எடுப்பது என்று டிரைவர் திரும்பித் திரும்பிப் பார்க்கிறான். பின்னாலிருந்து ரெண்டு விசில். "போலாம், ரைட்." அதுவரை குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்த இறந்தவரின் மகன் சிரித்துவிட்டான். அந்தக் குடும்பம் ஆறு மாதம் கண்டக்டருடன் பேசவில்லை. கண்டக்டருக்கு அது தெரியவே தெரியாது. அவர் பேசிக்கொண்டேதான் இருந்தார்.

இப்போது அவர் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருடைய அப்பா விவசாயி. வேங்கிக்கால் பக்கம் அவருக்கு நிலம் இருந்தது. அங்கே ஆபீஸ்கள் வந்து விலை ஏறியதும் நிலத்தை விற்று, அடி அண்ணாமலை தாண்டி எங்கள் சந்தில் ஒரு லாட்ஜ் கட்டினார். பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஜனம் வந்து குவியும் என்று யாரோ அவர் காதில் ஓதியிருக்கிறார்கள். ஒன்பது ரூம். ஒவ்வொன்றிலும் ஒரு பாத்ரூம். வெள்ளை டைல்ஸ், பித்தளைக் குழாய், மொட்டை மாடியில் யானைக்குட்டி மாதிரி ரெண்டு டேங்க். கட்டி முடித்து ரிப்பன் வெட்டிய பிறகுதான் பெரியவர் ஒரு விஷயத்தைக் கவனித்தார். எங்கள் சந்துக்குள் ஆட்டோ வரும், கார் வராது. ரூம் எடுக்க வந்தவர்கள் சந்து முனையில் பெட்டியை இறக்கி, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, திரும்ப ஏற்றிக்கொண்டு வேறு லாட்ஜுக்குப் போனார்கள். பெரியவர் அந்த ஏக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். பிறகு கண்டக்டரின் மனைவியும் போய்விட்டார். மகன் பெங்களூரில் வேலையாகிவிட்டான். மிச்சம் இருந்தது கண்டக்டரும் ஒன்பது பாத்ரூமும்.

ரூம்களை வாடகைக்கு விடலாமே என்று கேட்டேன். விட்டார். வந்தவர்கள் சத்தம் தாங்காமல் ஒவ்வொருவராகக் காலி செய்தார்கள். கடைசியாகப் போனவருக்குக் காது மந்தம். அவருக்கே தாங்கவில்லை.

ஒரே பாத்ரூமைப் புழங்கினால் மற்றவை பாழாகிவிடும் என்று முறை வைத்துக் குளிப்பார். எது எதுவென்று குழப்பம் வராமலிருக்க ஒவ்வொன்றுக்கும் தான் டூட்டி பார்த்த ஊர்களின் பெயரை வைத்தார். கதவில் சாக்பீஸால் எழுதியிருக்கும். கீழே போளூர், ஆரணி, சேத்துப்பட்டு, வந்தவாசி. மாடியில் செங்கம், சிங்காரப்பேட்டை, ஊத்தங்கரை என்று போகும். காலையில் சுவருக்கு மேலே தலை தெரியும்.

"இன்னைக்கு ஆரணில குளிச்சேன் ஜெராக்ஸு. தண்ணி ஃபோர்ஸு கம்மி. செங்கம்தான் பெஸ்ட்டு."

ஒன்பதையும் தினமும் தேய்த்துக் கழுவுவார். யாரும் வராத ஒன்பது பாத்ரூம்கள் பளபளவென்று இருக்கும். கழுவிவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போவார். உள்ளே போக மாட்டார். ராஜகோபுரத்துக்கு வெளியே நின்று, நேராகச் சாமியுடன் சண்டை போடுவார். ஒருநாள் நான் பூ வாங்கப் போனபோது கேட்டேன். தெருக்கோடிவரை கேட்டது.

"எனக்குப் பாட்டு குடுத்தியா? இல்ல. படிப்பு குடுத்தியா? இல்ல. மூஞ்சியும் சுமாராத்தான் குடுத்த. கக்கூஸ மட்டும் அள்ளிக் குடுத்துக்கீறியே, எதுக்கு? ஒருத்தனுக்கு ஒம்போது எதுக்கு?"

பூக்காரம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "யோவ், சாமியாண்ட பேசற பேச்சா இது?"

"நீ சும்மா இரும்மா. அவரு டிப்போ மேனேஜரு. வாயத் தொறந்து கேட்டாத்தான் டூட்டி போடுவாரு. கேக்காதவன் ஷெட்டுலயே ஒக்காந்துனு கெடக்க வேண்டியதுதான்."

வரும் வழியில் நான் சொன்னேன். "ண்ணா, நீங்க ரிட்டையர் ஆயிட்டீங்க. இன்னும் என்ன டூட்டி?"

"நானும் அப்டித்தான் நெனச்சேன். டூட்டி இல்லாதவனுக்கு எதுக்கு இவ்ளோ குடுத்து வெக்கணும்? அவரு கணக்கு தப்பாப் போட மாட்டாரு. இதுல இன்னாவோ கீது ஜெராக்ஸு."

எனக்கு அப்போது சிரிப்புதான் வந்தது. அவர் சிரிக்கவில்லை. அந்த மனிதர் உண்மையாகவே அதைத் தெரிந்துகொள்ளாமல் தூங்கமாட்டார் என்பது எனக்குப் புரிந்தது. தூங்காமல் இருந்தால் எனக்கும் தூக்கம் கிடையாது என்பதால் நானும் கொஞ்சம் வேண்டிக்கொண்டேன்.

பதில் ஒரு பௌர்ணமி அன்று மத்தியானம் வந்தது. வெயில் கொளுத்துகிறது. சாயங்காலக் கூட்டத்துக்குப் பயந்து சிலர் வெயிலிலேயே நடப்பார்கள். அப்படி வந்த ஒரு பெண், வழியை விட்டு எங்கள் சந்துக்குள் நுழைந்து, கண்டக்டர் வீட்டு கேட் அருகே நின்றாள். முகம் வெளிறியிருந்தது.

"ஐயா, இங்க பக்கத்துல எங்கனா..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டாள்.

வேறு யாராயிருந்தாலும் "எங்கனா என்ன?" என்று கேட்டிருப்பார்கள். கண்டக்டர் கேட்கவில்லை. அவர் வேலை பார்த்த காலமெல்லாம் பஸ்ஸில் பெண்கள் அவரிடம் வந்து பாதியில் நிறுத்திய கேள்வி அது.

"காலைலருந்து தண்ணி குடிச்சியாம்மா?"

அவள் தரையைப் பார்த்தாள்.

"குடிக்கல. குடிச்சா எங்க போறதுன்னு குடிக்கல. எனக்குத் தெரியாதா? உள்ள போ. ஒம்போது கீது. எது புடிக்குதோ அதுல போ."

அவள் பயந்து பின்னால் நகர்ந்தாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. தனியாக இருக்கும் ஒரு ஆள், இடி மாதிரிக் குரலில், ஒன்பது பாத்ரூம் இருக்கிறது உள்ளே வா என்றால் எந்தப் பெண்ணும் ஓடத்தான் செய்வாள். கண்டக்டர் சுவர்ப் பக்கம் திரும்பினார்.

"ஜெராக்ஸு, வந்து இந்தம்மாகிட்ட நான் நல்லவன்னு சொல்லு."

நான் போனேன். "நல்லவர்தாம்மா. சத்தம்தான் கெட்டது" என்றேன். இன்னொரு பெண்ணைப் பார்த்ததும் அவள் நின்றாள். கூடவே உள்ளே போய் போளூர் கதவைத் திறந்துவிட்டேன்.

அவள் வெளியே வந்து, சந்து முனைக்கு ஓடி, தன்னோடு வேனில் வந்த பெண்களையெல்லாம் கூட்டிக்கொண்டு வந்தாள். மாமியார், நாத்தனார், பக்கத்து வீட்டுக்காரி, எல்லோரும். லாட்ஜ் கட்டிய நாளிலிருந்து முதல் தடவையாக ஒன்பது கதவும் ஒரே நேரத்தில் மூடியிருந்தன. ஒன்பதிலும் தண்ணீர் விழும் சத்தம். கண்டக்டர் மாடிப்படிக்குக் கீழே நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். நாதஸ்வரக் கச்சேரி கேட்கிற மாதிரி முகம். போகும்போது அந்தப் பெண் அவர் கொடுத்த சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள். இன்னொரு சொம்பு கேட்டு வாங்கி அதையும் குடித்தாள். "நீங்க நல்லா இருக்கணும் ஐயா" என்றாள்.

அவர்கள் போன பிறகு கண்டக்டர் வெளியே வந்து மலையைப் பார்த்தார்.

"இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?" என்று கேட்டார். பிறகு என்னிடம், முதல் தடவையாகச் சாதாரணமான குரலில் சொன்னார். "டூட்டி போட்டுட்டாரு ஜெராக்ஸு."

அடுத்த பௌர்ணமியிலிருந்து எனக்கு நிம்மதி போனது. சந்து முனையில் ஒரு அட்டை, 'பெண்களுக்கு மட்டும், இலவசம்'. வாசலில் விசிலோடு கண்டக்டர்.

"போளூர் காலி. யாரும்மா போளூர்? சீக்கிரம் ஏறு. வந்தவாசில தண்ணி ஊத்தினியா? யாரு, ஊத்தாம வந்தது? திரும்பிப் போ. செங்கம் மாடில, பாத்து ஏறும்மா, ஆயா, கைப்பிடி புடி. யோவ், நீ எங்க வர? ஆம்பளைங்களுக்கு இந்த பஸ்ஸு இல்ல. நீ வெளிய நின்னு பைய புடி."

ஆளுக்கு அஞ்சு ரூபாய் வாங்கலாமே என்று ஒருவர் யோசனை சொன்னார். "ஆயுசு பூரா டிக்கெட் கிழிச்சாச்சு, போதும் போய்யா" என்று விரட்டிவிட்டார். டேங்க் காலியானால் சொந்தக் காசில் தண்ணீர் லாரி சொல்லி சந்து முனையிலிருந்து பைப் இழுப்பார். பௌர்ணமி முடிந்த மறுநாள் ஒன்பதையும் தனியாளாகக் கழுவுவார். கழுவும்போது பாடுவார். அது தனிக் கொடுமை.

இதோடு நின்றிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை. ஆனால் எங்கள் ஊருக்கு ஒரு வியாதி உண்டு. நாலு பேர் வரிசையில் நின்றால் ஐந்தாவது ஆள் ஏன் என்று கேட்க மாட்டார், பின்னால் போய் நிற்பார். ஒன்று அன்னதானமாக இருக்கும், இல்லாவிட்டால் சாமியாராக இருக்கும், எப்படியும் நஷ்டமில்லை என்ற கணக்கு. கண்டக்டர் வீட்டு வரிசை சந்து தாண்டி கிரிவலப் பாதைக்கு வந்ததும் ஆண்களும் வந்து நின்றார்கள். தேங்காய், வாழைப்பழம், கற்பூரத்தோடு நின்றார்கள்.

"உள்ள யாரு சாமி?"

"தெரியலீங்க. பெரிய மகான் போல. போய்ட்டு வரவங்க மூஞ்சப் பாருங்க, எவ்ளோ நிம்மதி."

நான் என் காதால் கேட்ட உரையாடல் இது.

ஒருவர் வாசலுக்கு வந்ததும் கண்டக்டர் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்துவிட்டார். கண்டக்டர் கையில் பினாயில் பாட்டில். "ஏந்திரிய்யா. பின்னாடி பொம்பளைங்க நிக்கறாங்க, நீ குறுக்க படுத்துக்கினு கீற. அறிவு கீதா உனக்கு?" என்று கத்தினார். அவ்வளவுதான். எங்கள் ஊரில் பூ கொடுத்து ஆசீர்வதிக்கும் சாமியாருக்கு ஒரு மடங்கு மரியாதை என்றால், திட்டுகிற சாமியாருக்குப் பத்து மடங்கு. திட்டு வாங்கியவருக்கு வினை தீர்ந்தது என்று அர்த்தம். அந்த ஆள் அடுத்த மாதம் ரோஜா மாலையோடு வந்தார். நின்றுபோயிருந்த பிரமோஷன் வந்துவிட்டதாம். "சாமி, இன்னொரு தடவ திட்டுங்க" என்றார். கண்டக்டர் நிஜமாகவே திட்டினார். சுற்றியிருந்தவர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். ஒரு அம்மாள், அவர் பினாயில் கலந்த வாளியோடு போனபோது தீர்த்தம் என்று கை நீட்டினாள். நான் ஓடிப்போய் கையைத் தட்டிவிடாவிட்டால் குடித்திருப்பாள்.

"ஜெராக்ஸு, இவனுங்களுக்கு இன்னா ஆச்சு? நான் கக்கூஸ் தெறந்து வுட்டுக்கினு கீறேன். இவன் வந்து பொண்ணுக்கு வரன் எப்ப வரும்னு கேக்கறான்."

இந்த நேரத்தில்தான் தலைவர் சங்கக் கூட்டம் கூட்டினார். நானும் போனேன், சந்தா கட்டுகிற உறுப்பினர். தலைவர் எழுந்து, தெருவின் மானம் போகிறது என்றார். "நாளைக்கு யாராவது அட்ரஸ் கேட்டா கக்கூஸ் சந்துன்னு சொல்லுவாங்க. மனை வெல என்னாவும்? பௌர்ணமி அன்னைக்கி சந்து முனை கேட்டப் பூட்டிடணும்."

நான் எழுந்தேன். "ஏன் தலைவரே, அந்தப் பொம்பளைங்க எங்க போவாங்க?"

"அது கவர்மென்ட்டு பாத்துக்கும்."

"உங்க வீட்டம்மா கிரிவலம் போனா கவர்மென்ட்டாண்டயா போறாங்க?"

கூட்டத்தில் பாதிப் பேர் செருமினார்கள். மீதிப் பேர் டீயைப் பார்த்தார்கள். கேட்டைப் பூட்டுவது என்று கை தூக்கி முடிவானது. அப்போது பின்னால் இருந்து ஒருவர், "இல்ல தலைவரே, அங்க வரவங்க பாதிப் பேரு சாமியப் பாக்க வராங்கனுல்ல பேசிக்கறாங்க?" என்றார்.

தலைவர் முகம் மாறியதை எல்லோரும் பார்த்தோம். "சாமியா?" என்றார். சித்தர் இருக்கும் தெருவில் மனை விலை என்னவாகும் என்று நினைத்திருப்பார். "சாமின்னா அது வேற விஷயமாச்சே."

ஆக, தீர்மானம் இப்படித் திரும்பியது. வரிசை சாமியாரைப் பார்க்க என்றால் கேட் திறந்திருக்கும். பாத்ரூமுக்கு என்றால் பூட்டு. கண்டக்டர் வாசலில் மாலை போட்டுக்கொண்டு உட்கார வேண்டும். அட்டையை எடுத்துவிட வேண்டும். பெண்கள் சாமியைக் கும்பிட்டுவிட்டு உள்ளே போய் என்ன செய்தாலும் சங்கம் பார்க்காது. ஒரே ஒரு நிபந்தனை, கண்டக்டர் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் எல்லாம் போய்விடும் என்று தலைவருக்கே தெரியும்.

நான் போய்ச் சொன்னேன். கண்டக்டர் பேசியதை இந்தப் பத்திரிகையில் அச்சடிக்க முடியாது. அச்சடிக்கக் கூடிய பகுதி மட்டும் இது.

"நான் சாமியாரா? சாமி பேரச் சொல்லி நான் ஊர ஏமாத்தணுமா? எனக்கு டூட்டி போட்டவரு மேல ஒக்காந்து பாத்துக்கினு கீறாரு. அவரு மூஞ்சில எப்டி முழிப்பேன்? போய்ச் சொல்லு, நான் கண்டக்டரு. கண்டக்டர் டிரைவர் சீட்டுல ஒக்கார மாட்டான்னு சொல்லு."

"சொல்றேன்ணா. கேட்டப் பூட்டிடுவாங்க."

"பூட்டட்டும்."

மறுநாள் பௌர்ணமி. காலையில் அவர் வீட்டிலிருந்து சத்தமே இல்லை. பல் தேய்க்கும் சத்தம்கூட இல்லை. நான் பயந்துபோய் எட்டிப் பார்த்தேன். ஒன்பது பாத்ரூமையும் கழுவி முடித்துவிட்டு, மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார்.

"ஜெராக்ஸு, நான் ஒக்காந்தா நெஜமா தெறப்பானா?"

"தெறப்பார்."

"மூடிட்டா அதுங்க தண்ணி குடிக்காமயே நடக்கும் இல்ல?"

"ஆமாண்ணா."

"மாலை நீயே வாங்கினு வா. செவந்தி வேணாம், எனக்குத் தும்மல் வரும்."

அன்று சாயங்காலம் அவர் பிளாஸ்டிக் நாற்காலியில், நெற்றி நிறைய விபூதியோடு, சம்பங்கி மாலையோடு உட்கார்ந்திருந்த காட்சியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். கழுத்து நரம்பு கயிறு மாதிரி புடைத்திருந்தது. கண் முன்னால் வரிசை கோணலாகப் போகிறது. ஒருவர் குறுக்கே புகுகிறார். இன்னொருவர் வாழைப்பழத் தோலைப் படியிலேயே போடுகிறார். வந்தவாசியில் குழாயை மூடாமல் ஒருத்தி வந்துவிட்டாள், தண்ணீர் ஓடும் சத்தம் அவருக்கு நன்றாகக் கேட்கிறது. எதற்கும் கத்த முடியாது. விசில் என் கழுத்தில். அவர் நாற்காலிக் கையைத் தட்டுவார், ஒரு தட்டு என்றால் நிறுத்து, ரெண்டு தட்டு என்றால் போகலாம். நான் ஊதினேன். அடக்கி அடக்கி அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "பாருங்க, சாமி பக்தியில உருகறாரு" என்று ஒருவர் தன் மனைவியிடம் சொன்னார். அவர்தான் வாழைப்பழத் தோல் போட்டவர்.

கூட்டம் ஓய்ந்ததும் மாலையைக் கழற்றிக் கொடியில் போட்டார்.

"டிரைவர் திட்டினதத் தாங்கினேன். பாசஞ்சர் திட்டினதத் தாங்கினேன். செக்கிங் இன்ஸ்பெக்டர் திட்டினதத் தாங்கினேன். கும்புடறதத் தாங்க முடியல ஜெராக்ஸு." பிறகு கேட்டார். "யாராவது திரும்பிப் போனாங்களா?"

"ஒருத்தர்கூட இல்லண்ணா."

"அப்ப செரி. போய் வந்தவாசி கொழாய மூடு."

அதற்குப் பிறகு ஒவ்வொரு பௌர்ணமியும் அப்படியே உட்கார்ந்தார். பொய்க்கு மன்னிப்புக் கேட்க ராஜகோபுரத்துக்கு நடந்தே போவார். ஊரே கும்பிட்டது. அவருக்கு அது தண்டனை. அதை மாதாமாதம் தானே போய் வாங்கிக்கொண்ட மனிதர் அவர். மௌன சித்தராம். அந்த மௌனம் எதற்கு என்று போர்டில் ஒரு வரி எழுதத் துப்பு உண்டா?

மூன்று மாதத்துக்கு முன்னால் சேத்துப்பட்டைக் கழுவும்போது வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. மகன் வந்து பெங்களூருக்கு அழைத்துப் போனான். போகும்போது சாவியைத் தலைவரிடம் கொடுத்துவிட்டுப் போனான். "அப்பா செஞ்சத நீங்க பாத்துக்கறீங்களா?" என்று கேட்டான். தலைவர், "அது எங்க பாக்கியம்ப்பா" என்றார். நான் பக்கத்தில் நின்றிருந்தேன். என் காதில் விழுந்தது.

அந்த வாரமே போர்டு வந்தது. பிறகு உண்டியல் வந்தது. கண்டக்டர் உட்கார்ந்த பிளாஸ்டிக் நாற்காலிக்குப் பட்டுத்துணி போர்த்தி, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். மனிதர் உயிரோடு பெங்களூரில் கஞ்சி குடித்துக்கொண்டிருக்கிறார், இங்கே அவர் படத்துக்கு ஊதுவத்தி. ஒன்பது கதவுக்கும் பூட்டு. இடித்துவிட்டு தியான மண்டபம் கட்டப் போகிறார்களாம். ஏன் என்று கேட்டேன். "சித்தர் பீடத்துல கக்கூஸ் இருக்கறது அழகாம்மா?" என்றார் தலைவர்.

போன பௌர்ணமிக்கும் பெண்கள் வந்தார்கள். தெரிந்தவர்கள், மாதாமாதம் வருகிறவர்கள். அவர்களுக்கு விபூதி கொடுத்தார்கள். ஒரு வயதான அம்மாள், தலைவர் புதிதாகப் போட்டிருக்கும் வாட்ச்மேனிடம் மெதுவாகக் கேட்டாள். "இங்க அதெல்லாம் கேக்கக் கூடாதும்மா, புனிதமான எடம்" என்றான். என் வீட்டைத் திறந்துவிட்டேன். என் வீட்டில் ஒன்றுதான் இருக்கிறது. வரிசை நகரவில்லை. பாதிப் பேர் திரும்பிப் போனார்கள்.

கண்டக்டர் எனக்கு போன் செய்கிறார். பெங்களூர் ஃபிளாட்டில் மேல்வீட்டுக்காரர்கள் புகார் செய்வார்களாம், அதனால் மெதுவாகப் பேசுகிறார். எனக்கு அது வேறு யாரோ பேசுகிற மாதிரி இருக்கிறது. பௌர்ணமி எப்படிப் போனது, லாரித் தண்ணி போதுமாக இருந்ததா, கைப்பிடி ஆடுகிறதே சரி செய்தார்களா என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். "நீ கோவத்துல ஜாஸ்தி சொல்ற. தலைவர் அப்டிப் பண்ண மாட்டாரு. அவருகிட்டயே கேக்கறேன்" என்றார். கேட்கப் போன் செய்துகொண்டே இருக்கிறார். தலைவர் போனை எடுப்பதில்லை.

அதனால்தான் இதை இங்கே எழுதுகிறேன். தலைவரே, நீங்கள் இந்தப் பத்திரிகையை வாங்குகிறவர் என்று எனக்குத் தெரியும். வருகிற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சங்கக் கூட்டம். எல்லோரும் இருப்பார்கள், உங்கள் வீட்டம்மாவும் இருப்பார்கள். நான் கண்டக்டருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, மேஜை மேல் வைக்கப்போகிறேன். அவர் கேட்பார். பூட்டியது யார், ஏன், எப்போது திறப்பீர்கள் என்று எல்லோர் முன்னாலும் நீங்கள் பதில் சொல்லுங்கள். சுற்றி வளைக்காமல் சீக்கிரம் சொல்லுங்கள். அவரால் இப்போது ரொம்ப நேரம் உட்கார முடியாது.